மணலில் தொடங்கிய நற்செய்தி

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளூட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். அவர்களை அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக். இந்திய மண்ணில் கால்வைத்த முதல் லுத்தரன் ஊழியர்கள் இவ்விருவரே. சுவிசேஷத்தைக் கொண்டுவந்த அவர்களிடம் அதைச் சொல்லும் மொழி மட்டும் இல்லை. அந்தக் குறைதான் சீகன்பால்கின் ஊழியத்தைச் செம்மையான வழியில் திருப்பியது என்பது என் துணிபு.

போதிக்க வந்தவர் மாணவரானார்

சீகன்பால்க் செய்த முதற்பணி பிரசங்கமன்று, அரிச்சுவடி. திண்ணைப் பள்ளி நடத்திவந்த முதிய ஆசிரியர் ஒருவரைத் தம் வீட்டுக்கே வரவழைத்து, அங்கேயே பள்ளியை நடத்தச் செய்தார். சிறு பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் உயிரும் மெய்யும் எழுதிப் பழகினார். ஜெர்மனியில் ஹாலே பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்றவர் அவர்; அப்போது வயது 24. விசுவாசம் செவிவழி வரும் என்று பவுல் அடிகள் போதித்தார். கேட்பவருக்கு மட்டுமன்று, சொல்ல வருபவருக்கும் முதலில் செவி வேண்டும் என்பதைச் சீகன்பால்க் வாழ்ந்து காட்டினார்.

ஏடுகளைத் தேடிய ஊழியர்

எழுத்துக்குப் பின் இலக்கியம். ஏடுகளைப் படியெடுக்க எழுத்தர்களை அமர்த்தினார். ஊர் ஊராக ஆளனுப்பி ஏடுகளை விலைக்கு வாங்கினார். 1708இல் அவர் தொகுத்த நூற்பட்டியலில் தமிழர் இயற்றிய 119 நூல்கள் இடம்பெற்றன. திருக்குறளும் அவற்றுள் ஒன்று. அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். தமிழரைப் பண்பாடற்றவர் என்று எண்ணியிருந்த ஐரோப்பியருக்கு, இந்நூல்களின் அறவுணர்வையே அவர் சான்றாக வைத்தார். அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் தமிழ் அறிஞர்களுக்குக் கேள்விகள் எழுதி, வழிபாடு, வாழ்வியல், மருத்துவம் பற்றி அவர்கள் தந்த பதில்களை மொழிபெயர்த்து ஹாலேக்கு அனுப்பினர். தமிழர் தம் சமயத்தைத் தம் வாயாலேயே ஐரோப்பாவுக்கு விளக்கிய அரிய ஆவணங்கள் அவை.

ஆயினும் அவரைக் குறையற்றவராகக் காட்டுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. உள்ளூர் வழிபாட்டைக் கடுமையாகச் சாடும் 'அக்கியானம்' என்ற சிறுநூலை அவர் 1713இல் அச்சிட்டார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிய விரிவான ஆய்வு நூலையும் அதே ஆண்டில்தான் எழுதி முடித்தார். சாடியவரும் ஊன்றிக் கற்றவரும் ஒருவரே. அவ்வாய்வை அச்சிட ஹாலே ஊழிய நிலையத்தின் தலைவர் பிராங்கே இசையவில்லை. அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர் எண்ணம். 1867இல்தான் அது அச்சேறியது. இன்று 'அக்கியான'த்தை அறிந்தோர் மிகச் சிலர். அந்த ஆய்வையோ சமய வரலாறு கற்போர் தேடிப் படிக்கின்றனர். கண்டனம் காலத்தோடு கரைந்தது, கற்றது நிலைத்தது.

சொல்லைத் தேடிய மொழிபெயர்ப்பு

1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பைத் தொடங்கினார். சில வாரங்களில் டேனியக் கோட்டைத் தளபதி அவரைச் சிறையிட்டார். நான்கு மாதம் அடைபட்டிருந்து வெளிவந்தார். 1711 மார்ச்சில் மொழிபெயர்ப்பு நிறைவுற்றது. ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவை, தாளை விழுங்கின. ஆகவே சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்தார்கள். பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈயத்தை உருக்கி அவை செய்யப்பட்டன என்று அச்சு வரலாற்றாசிரியர்கள் குறிப்பர். நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இல் வெளிவந்தன. 1715இல் புதிய ஏற்பாடு முழுமையும் நிறைவெய்தியது.

அந்நூலில் கடவுளைக் குறிக்க அவர் ஆண்ட சொல் 'சருவேசுரன்'. பின்வந்த மொழிபெயர்ப்பாளர் பப்ரீசியஸ் 'பராபரன்' என்றார். 1871ஆம் ஆண்டுத் திருப்புதல் 'தேவன்' என்றது. 1995இல் வந்த 'திருவிவிலியம்' 'கடவுள்' என்கிறது. இச்சொற்களில் ஒன்றும் கப்பலில் வந்ததன்று. சைவரும் வைணவரும் பிறரும் நூற்றாண்டுகளாகத் தொழுது பழகிய சொற்களிலிருந்தே கிறிஸ்தவர் தமக்குரியதைப் பெற்றனர். நாம் ஜெபிக்க வாய் திறக்கும்போதெல்லாம் அயலாருக்குக் கடன்பட்டவர்களாகவே திறக்கிறோம்.

கைமாறிய விளக்கு

1718இல் தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. மறு ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், 36 வயதில், சீகன்பால்க் மறைந்தார், அவ்வாலயத்திலேயே அடக்கமானார். அவர் ஞானஸ்நானம் கொடுத்த கடலூர் ஆறுமுகம், ஆரோன் என்ற பெயரில் உபதேசியாராகி, 1733இல் தமிழரில் முதல் லுத்தரன் குருவாக அபிஷேகம் பெற்றார். அதன்பின் தஞ்சை நாட்டுச் சிற்றூர்களில் நற்செய்தியைக் கொண்டுசென்ற கால்களில் பெரும்பாலானவை தமிழ்க் கால்களே.

இன்று நம்மிடம் மொழி இருக்கிறது, அச்சு இருக்கிறது, ஒலிபெருக்கியும் இருக்கிறது. அடுத்த வீட்டுக்காரர் எதைத் தொழுகிறார், எதற்காக ஏங்குகிறார், எந்தப் பாட்டில் கண் கலங்குகிறார் என்பது தெரியுமா? அதை அறியாமல் சொல்லும் சாட்சி, முகவரியில்லாக் கடிதம். அறிந்தபின் சொல்வதைக் கேட்பவர் ஏற்கலாம், மறுக்கலாம். அது அவருக்கும் ஆண்டவருக்கும் இடைப்பட்டது. மதித்துச் சொல்வது மட்டுமே நம் பங்கு.

சிறப்பு மலர்களில் ஊழியர்களுக்கு நன்றி செலுத்துவது மரபு. அந்த நன்றியில் ஒரு பங்கைத் தரங்கம்பாடி மணலில் அந்நியர் ஒருவருக்கு இடம்விட்டு ஒதுங்கி அமர்ந்த பிள்ளைகளுக்கும், அவர் விரலைத் திருத்திய முதிய ஆசிரியருக்கும் செலுத்துவோம். தமிழில் அச்சான அந்தச் சுவிசேஷம் அவர்கள் எழுதிக் காட்டிய எழுத்தில்தான் நம்மிடம் வந்தது.