கொடைமடமும் கொடையறிவும்

தமிழர் கொடையைப் போற்றியவர்கள் என்று மேடைதோறும் கூறக் கேட்கிறோம். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியும் மயிலுக்குப் போர்வை அளித்த பேகனும் பள்ளிப் பாடநூல்கள் வாயிலாக நம் எல்லோருக்கும் அறிமுகமானவர்கள். எவ்வளவு கொடுத்தார்கள், எதைக் கொடுத்தார்கள் என்று வியப்பதோடு நமது பேச்சு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. கொடுத்தவன் பெறுபவரை அறிந்திருந்தானா, கொடுத்த பொருள் பெற்றவரின் வாழ்வுக்குப் பொருந்தியதா என்ற வினாக்களை நாம் எழுப்புவதில்லை. ஆனால் சங்கப் புலவர்கள் இவ்வினாக்களை எழுப்பியிருக்கிறார்கள். பரிசில் பெற்றே வயிறு கழுவவேண்டிய நிலையில் இருந்தவர்கள் அவற்றை எழுப்பினார்கள் என்பதே இங்கு நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது.

உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சேற்றினார். அதன்பின்னரே அந்தப் புலவர்களின் குரல் பொதுமக்களின் காதுக்கு எட்டியது. அந்நூலின் நானூறு பாட்டுக்களிற் பல, கொடுப்போருக்கும் பெறுவோருக்கும் இடையே நிகழ்ந்தவற்றைக் கூறுவன. குறுநில மன்னர்கள் ஒருவரோடொருவர் பொருதுகொண்டிருந்த காலம் அது. பாணரும் விறலியரும் புலவரும் ஊரூராக நடந்தனர். தலைவனின் புகழைப் பாடினர். சோறும் துணியும் பொன்னும் பெற்றனர். புகழ் தலைவனுக்கு வேண்டியிருந்தது. சோறு பாடுவோர்க்கு வேண்டியிருந்தது. கலாநிதி க. கைலாசபதி 1968இல் ஒக்ஸ்போர்ட்டில் வெளியிட்ட ஆங்கில நூலில் இப்பாடல்களை வீரயுகத்தின் வாய்மொழி மரபோடு வைத்து ஆராய்ந்தார். அந்த நோக்கிற் பார்த்தால், பரிசில் தனிமனிதனின் இரக்கம் மட்டுமன்று, ஒரு சமுதாய உறவின் நடைமுறையுமாகும் என்பது விளங்கும்.

அந்த உறவிலே, அளவின்றிக் கொடுப்பது தலைவனுக்குப் பெருமையாக எண்ணப்பட்டது. கொடைமடம் என்றொரு சொல்லே வழக்கில் இருந்தது. தகுதி, தேவை என்பவற்றை ஆராயாது கொடுக்கும் பேதைமையை அது குறிக்கும். பேகனைப் பாடிய பரணர் அவனை மழைக்கு ஒப்பிடுகிறார். மழை வற்றிய குளத்திலும் பெய்யும். அகன்ற வயலிலும் பெய்யும். ஒன்றும் விளையாத உவர் நிலத்திலும் பெய்யும். பேகனும் அத்தகையவன், கொடையிலே பேதைமை உண்டு, போரிலே பேதைமை இல்லை என்பது அவர் கூற்று. மயில் போர்வையை உடுக்கவும் மாட்டாது, போர்த்துக்கொள்ளவும் மாட்டாது என்பதை அறிந்தே அவன் கொடுத்தான் என்றும் அவரே மற்றொரு பாட்டிற் கூறுகிறார். இது புகழ்ச்சிதான். ஆயினும் உவர் நிலத்திற் பெய்த மழையால் உழவனுக்குப் பயன் இல்லை என்பதை அந்தப் புலவர் அறியாதவரல்லர்.

ஔவையார் இன்னும் வெளிப்படையாகப் பேசினார். நாஞ்சில் வள்ளுவன் என்னும் தலைவனிடம் அவர் கேட்டது சிறிதளவு அரிசி. உடன் வந்த விறலியர் தோட்டத்திற் பறித்த கீரையோடு சேர்த்துச் சமைக்க அது தேவைப்பட்டது. அவன் தன் தகுதியையும் எடைபோட்டுப் பார்த்து, மலை போன்ற யானை ஒன்றைக் கொடுத்தான். அவன் அறியாதவன் என்று ஔவையார் ஏனைய புலவர்களிடம் முறையிடுகிறார். இப்படியும் தெளிவில்லாத கொடை உண்டோ என்று வினவுகிறார். பழிப்பதுபோலப் புகழ்வது இது என்று உரைகாரர் கூறுவர். அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் புகழ்ச்சியின் உள்ளே அடுப்படியின் நிலைமையும் இருக்கிறது. அன்றிரவு கீரைச் சட்டியிற் போட யானை உதவாது. யானைக்கும் தீனி வேண்டும். அதைத் தேடும் பாரமும் பெற்றவர் தலையிலேதான் விழும். வள்ளுவன் யானையைத் தெரிந்தபோது அவன் கண்முன் நின்றது விறலியரின் பசியா, தனது பெருமையா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

ஊன்பொதி பசுங்குடையார் பாடிய பாட்டொன்று இதே உண்மையை வேறு விதத்திற் காட்டுகிறது. செருப்பாழி என்னும் அரணை அழித்த சோழன் இளஞ்சேட்சென்னி அவருக்கு அருங்கலங்களை அள்ளிக் கொடுத்தான். அவருடைய சுற்றத்தார் அத்தகைய நகைகளை அதற்குமுன் கண்டதில்லை. விரலில் அணிவதைக் காதில் மாட்டினார்கள். காதுக்குரியதை விரலில் இட்டார்கள். இடுப்பில் அணிவதைக் கழுத்தில் போட்டார்கள். இராவணன் கவர்ந்து சென்றபோது சீதை கழற்றி எறிந்த அணிகலன்களைக் குரங்குக் கூட்டம் அணிந்துகொண்டதுபோல இருந்தது என்கிறார் புலவர். நீண்ட துன்பத்தின் பின் தம் குடும்பத்தார் வாய்விட்டுச் சிரித்ததை அவர் மகிழ்ச்சியோடுதான் கூறுகிறார். எனினும் அந்தச் சிரிப்பிலே வறுமையின் முழு வரலாறும் அடங்கியிருக்கிறது. விரலணி எது, காதணி எது என்று தெரியாத அளவுக்குச் செல்வத்திலிருந்து விலக்கி வைக்கப்பட்ட மக்கள் அவர்கள்.

அதே பாட்டின் தொடக்கத்தில் மற்றொரு செய்தியும் உண்டு. இந்தச் சோழன் தென்திசைப் பரதவரின் வலியை அடக்கியவன், வடுகரின் வாட்படையை ஓட்டியவன் என்று புலவர் பாராட்டுகிறார். கொடுத்த நகை எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று பாட்டு சொல்லவில்லை. ஆனால் தலைவன் வெல்வதும் வாரி வழங்குவதும் ஒரே மூச்சிலே பாடப்பட்டிருக்கின்றன. ஒரு கரையில் மீனவர் குடி தோற்க, மற்றொரு கரையில் புலவர் குடி சிரித்தது. கொடையின் வரலாற்றை எழுதுவோர் கொடுத்த கையை மட்டும் பாராது, அந்தக் கைக்குப் பொருள் வந்த வழியையும் பார்த்தல் வேண்டும்.

வறுமையில் உழன்ற புலவர்கள் கிடைத்ததை எல்லாம் கைநீட்டி வாங்கினார்கள் என்று எண்ணுதல் தவறு. பெருஞ்சித்திரனார் வாழ்ந்த வீட்டை அவரே நமக்குக் காட்டுகிறார். நடக்கவியலாத முதிய தாய் சாவு வரவில்லையே என்று நொந்து கிடக்கிறாள். பால் வற்றிய மனைவி குப்பையிலே முளைத்த கீரையைக் கிள்ளி, உப்பின்றி, மோரின்றி அவித்து உண்கிறாள். இத்தகைய வீட்டிலிருந்து புறப்பட்டு மலைகள் பல கடந்து அவர் அதியமான் நெடுமான் அஞ்சியின் வாயிலை அடைந்தார். அதியமான் அவரை நேரிற் காணாமல் பரிசிலை மட்டும் கொடுத்தனுப்பினான். புலவர் அதை ஏற்கவில்லை. என்னை யார் என்று அறிந்து இதைத் தந்தான், பொருளைப் பெற்றுக்கொண்டு போக நான் வணிகனா என்று கேட்டார். தினையளவாயினும், பெறுபவரின் அளவை அறிந்து பேணிக் கொடுத்தால் அதுவே இனியது என்று கூறினார். குமணனிடம் செல்லும்போதும் அவர் இதே நிபந்தனையை விதித்தார். மனமின்றித் தரும் யானையைக் கொள்ளமாட்டேன். மகிழ்ந்து தந்தால் குன்றிமணியளவு பொருளும் போதும் என்றார். கீரைக்கு உப்பில்லாத வீட்டுக்காரர் சொன்ன வார்த்தை இது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். தம்மை மனிதராக அறிந்து கொடுக்கவேண்டும் என்ற உரிமையை வறுமையின் காரணமாக அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

இதே அதியமான்தான் ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்தவன். பழமையான மலையின் பிளவிலே, ஏறுதற்கு அரிய இடத்தில் பழுத்த கனி அது. உண்டவரின் வாழ்நாளை நீட்டிக்கும் என்று நம்பப்பட்டது. அவன் அதன் பயனை அவருக்குச் சொல்லவில்லை; தன் உள்ளத்திலே அடக்கிக்கொண்டு கொடுத்தான். சொல்லியிருந்தால் ஔவையார் ஏற்றிருக்கமாட்டார் என்று பிற்காலத்தவர் விளக்குவர். எவ்வாறாயினும், கொடுத்த பொருளின் மதிப்பைக் கொடுப்பவன் மறைத்தான் என்பது இங்கே கருதத்தக்கது. முன்னைய பரிசிலில் இல்லாத ஒன்று இந்தக் கனியில் இருந்தது. யாருக்குக் கொடுக்கிறோம் என்று அவன் அறிந்திருந்தான். அவர் வாழ்வதைத் தன் வாழ்வினும் மேலாக விரும்பினான். ஒரே மனிதன் ஒருமுறை காணாமற் கொடுத்து மறுக்கப்பட்டான். மற்றொருமுறை அறிந்து கொடுத்து நிலைத்த புகழ் பெற்றான்.

இனி மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனிடம் மீண்டும் வருவோம். பாடநூல்கள் சொல்லாமல் விட்ட பகுதி அவன் கதையில் இருக்கிறது. அவனுக்குக் கண்ணகி என்றொரு மனைவி இருந்தாள். சிலப்பதிகாரக் கண்ணகி வேறு, இவள் வேறு. பேகன் அவளைத் துறந்து வேறொரு பெண்ணை நாடி நாள்தோறும் தேரிற் சென்றான். புறநானூற்றிலே தொடர்ச்சியாக ஐந்து பாட்டுக்கள் இவளுக்காகப் பாடப்பட்டுள்ளன. கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வர் அவற்றைப் பாடினர். வாயிலில் நின்று பாடியபோது குழல் அழுவதுபோல ஒரு பெண் அழுதாள், அவள் யார் என்று கபிலர் வினவுகிறார். எமக்குப் பசியும் இல்லை, சுற்றத்தின் பாரமும் இல்லை, நாங்கள் கேட்கும் பரிசில் நீ இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயர் தீர்ப்பதுதான் என்கிறார் பரணர். நகையும் பொருளும் அப்படியே இருக்கட்டும், உன் தேரிலே குதிரையைப் பூட்டு என்கிறார் அரிசில்கிழார். எண்ணெய் காணாத அவள் கூந்தல் மீண்டும் பூச்சூட வேண்டும் என்று கேட்கிறார் பெருங்குன்றூர்கிழார்.

மயிலுக்குக் குளிரும் என்று எண்ணிய மனிதனுக்குத் தன் வீட்டிலிருந்தவள் அழுவது தெரியவில்லை. ஊரார் காணக் கொடுக்கும் கொடைக்குப் புகழ் உண்டு. வீட்டின் உள்ளே கொடுக்கவேண்டியதற்குப் பாடுவார் இல்லை. அந்நாளிலே தலைவர்கள் பரத்தையை நாடுவது இயல்பான ஒழுக்கமாகவே கருதப்பட்டது. கேட்கும் உரிமை பெண்ணுக்கு இருக்கவில்லை. அந்தச் சூழலிலே புலவர் நால்வர் தமது பரிசிலை விட்டுக்கொடுத்து அவளுக்காகப் பரிந்து பேசினார்கள். அவளுக்கு வேண்டியது எது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

பெருஞ்சித்திரனாரின் வீட்டுக்கு வருவோம். குமணன் கொடுத்த செல்வத்தோடு திரும்பிய அவர் அதனை மனைவியிடமே ஒப்படைத்தார். உன்னை விரும்புவோர்க்கும், நீ விரும்புவோர்க்கும், உன் சுற்றத்து மூத்த பெண்களுக்கும், நமது பசி தீரக் கடன் தந்தவர்களுக்கும் கொடு, இன்னார் என்று பாராதே, என்னையும் கேளாதே, சேர்த்துவைத்து நாம் மட்டும் நன்றாக வாழலாம் என்று எண்ணாதே என்றார். கொடுக்கும் அதிகாரத்தையே அவர் மனைவிக்குப் பரிசாக அளித்தார் எனலாம். குப்பைக் கீரையை அவித்தவளுக்கே எந்த வீட்டிலே அடுப்பு எரியவில்லை என்பது தெரியும்.

இங்கு கடன் என்பதற்குப் புலவர் வழங்கும் சொல் குறியெதிர்ப்பை. அயல் வீட்டில் ஒரு கொத்து அரிசி வாங்கி, பின்னர் அதே கொத்தால் அளந்து திருப்பிக் கொடுக்கும் வழக்கம் அது. ஏழைகள் ஒருவரையொருவர் தாங்கிய முறையும் அதுவே. வள்ளுவரும் இதே சொல்லை எடுத்தாளுகிறார். இல்லாதவனுக்குக் கொடுப்பதே ஈகை, மற்றவை எல்லாம் குறியெதிர்ப்பையின் தன்மை உடையன என்பது அவர் கருத்து. பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் வெளியிட்ட தமது ஆய்விலே, பல பழஞ் சமுதாயங்களில் கொடுத்தலும் ஏற்றலும் திருப்பிச் செய்தலும் கட்டாயக் கடமைகளாக விளங்கின என்று எடுத்துக் காட்டினார். வேறுபாடு, அந்தக் கட்டாயம் சமமானவர்களுக்கு இடையே நிகழ்கிறதா, வலியவனுக்கும் எளியவனுக்கும் இடையே நிகழ்கிறதா என்பதிலேதான் இருக்கிறது.

நமது நாட்டின் தேயிலைத் தோட்டங்களைப் பாருங்கள். தொழிலாளர் இங்கே கொண்டுவரப்பட்ட காலத்திலே கங்காணி கொடுத்த முற்பணம் உதவி என்று பேசப்பட்டது. அதுவே கடனாகித் தொழிலாளியைத் தோட்டத்தோடு பிணைத்தது. கடனைத் தீர்த்தாலன்றி வேறு தோட்டம் செல்லவியலாத துண்டு முறை 1921இலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இன்றும் தீபாவளிக்கு முற்பணம் வழங்கப்படுகிறது. பின்னர் அது சம்பளத்திலே கழிக்கப்படுகிறது. தொழிலாளி தன் குழந்தைக்கு வாங்கும் சட்டை அவனது நாளைய உழைப்பால் வாங்கப்பட்டது. அதனை நிருவாகத்தின் நன்கொடைபோலப் பேசுவது முறையன்று.

நமது வீடுகளிலும் நிலைமையை எண்ணிப் பார்க்க வேண்டும். கலியாண வீட்டிலே யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கொப்பியில் எழுதிவைத்து, அவர்கள் வீட்டுக் கலியாணத்தில் அதே அளவைத் திருப்பிக் கொடுக்கிறோம். கடன்பட்டேனும் விலையுயர்ந்த பொருளை வாங்கிக் கொடுத்தால்தான் மதிப்பு என்று எண்ணுகிறோம். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பொதிகள் முதிய தாயின் அலுமாரியில் பிரிக்கப்படாமல் கிடக்கின்றன. அவளுக்கு வேண்டியது பிள்ளையின் குரல். பெட்டியின் அளவால் அன்பை அளக்கக் கடைக்காரர் நமக்குக் கற்பிக்கின்றனர். அது நாஞ்சில் வள்ளுவனின் யானைக் கணக்கு. அவனுக்காவது யானை சொந்தமாக இருந்தது.

அன்புடையார்க்கு எதைக் கொடுப்பது என்று தடுமாறும்போது பெருஞ்சித்திரனார் கூறிய அளவுகோலை நாம் கைக்கொள்ளலாம். பெறுபவரை நேரிற் காணவேண்டும், அவர் நிலையை அறியவேண்டும், மகிழ்ந்து கொடுக்கவேண்டும். இவை கைகூடினால் குன்றிமணியளவும் போதும். வறுமையும் கடனும் மலிந்த சமுதாயத்திலே இந்த மூன்றும் எளியனவல்ல. ஓய்வின்றி உழைப்பவனுக்குத் தன் மனைவி மக்களின் முகத்தைப் பார்க்க நேரம் வேண்டும்; உரிய கூலி வேண்டும். கொடையறிவு ஓங்கவேண்டும் என்று விரும்புவோர் இவற்றுக்காகவும் குரல் கொடுத்தல் வேண்டும்.