உப்பா, மட்டமா? கார் நிக்கோபார் கரைமண்ணின் அளவீடுகளை மறுபடியும் படித்தல்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், கார் நிக்கோபாரில் தென்னை அழிந்த கரைநிலங்களுக்கு எள், நிலக்கடலை, சூரியகாந்தி போன்ற ஒருபருவ எண்ணெய்வித்துகளில் உப்பைத் தாங்கும் வகைகளைப் பரிந்துரைக்கும் போக்கு ஒன்று உண்டு. அதற்குச் சான்றாக வைக்கப்படுவது மண்ணின் மின்கடத்துதிறன் அளவு. அளவில் பிழை காண நான் முயலவில்லை. அதைப் படித்த விதம் பொருந்தவில்லை என்பதே என் வாதம்.

முதலில் அளவிடும் முறை. ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு நீர் சேர்த்த கரைசலில் கிடைக்கும் எண்ணும், பூரித மண்சாற்றில் கிடைக்கும் எண்ணும் ஒன்றல்ல. மணற்பாங்கான மண்ணில் பின்னது பன்மடங்கு கூடும். உவர்மண் என்று சொல்ல வைத்திருக்கும் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸ் எல்லையும், நிலக்கடலைக்குச் சொல்லப்படும் 3.2 என்ற தாங்கெல்லையும் பூரிதச் சாற்றுக்கு உரியவை. கரைசல் எண்ணை நேரே அவற்றோடு ஒப்பிட்டால் நிலம் உள்ளதைவிட இனிப்பாகத் தெரியும். அடுத்தது மாதம். ஆண்டுக்கு 2,500 மி.மீ.க்கு மேல் மழை பெய்யும் தீவில், மார்ச்சில் அள்ளிய மண்ணும் செப்டம்பரில் அள்ளிய மண்ணும் ஒரே கதையைச் சொல்லா.

இவை இரண்டையும் திருத்திக்கொள்ளலாம். திருத்த முடியாதது மூன்றாவது: நிலமட்டம். அதே நிலநடுக்கத்தில் வட அந்தமானின் கரை மேலெழுந்தது. கார் நிக்கோபார் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. எனவே கடல் நிரந்தரமாகத் தங்கிய நிலம், ஓதத்துக்கு ஓதம் வந்துபோகும் நிலம், ஒருமுறை ஏறி வடிந்துபோன நிலம் என்று மூன்றையும் பிரித்தே பார்க்க வேண்டும். மூன்றாவதில் உப்பை மழையே கழுவிவிடும். அங்கே உப்புத்தாங்கும் வகை தேவையில்லை. முதலிரண்டிலும் உப்பு விளைவு மட்டுமே, காரணம் மட்டம். பவளத்தீவின் நன்னீர் கடல்நீரின்மேல் மிதக்கிறது: கடல்மட்டத்துக்கு மேல் ஒரு சாண் நின்றால் கீழே நாற்பது சாண் என்பது பொதுக்கணக்கு. நிலம் தாழ்ந்ததும் அந்த நீர் வேரை நெருங்கிவிட்டது. மழைக்காலத்தில் உப்பு இறங்கும், ஆனால் தேங்கும் நீரில் எள் அழுகும். கோடையில் நீர் வடியும், ஆனால் உப்பு ஏறும். இரண்டுக்கும் நடுவே எள்ளுக்கு ஒரு பருவம் மிஞ்சுமா என்பது ஐயமே.

வலுவான சாட்சி தென்னையே. குளோரைடு அதற்குச் சத்து. செம்புறை மண்ணை இளக்கக் குழியில் உப்பிட்டு, அதிலேயே பின்னர்க் கன்று நடுவது நம் வழக்கம். உப்பை இப்படித் தாங்கும் மரம்தான் கார் நிக்கோபார் கரையில் மட்டைகள் உதிர்ந்து, வெறும் தண்டாகக் கடல்நீரில் நின்றது. உப்பு மட்டுமே கொன்றிருந்தால் தென்னை கடைசியாகச் செத்திருக்க வேண்டும். நின்ற நீர் வேரின் மூச்சை அடைத்தது என்று படிப்பதே பொருந்தும்.

நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டாகுமே என்பர். ஆகும், அதற்காக நீர் தேங்கும் நிலத்தில் எள் விளைந்துவிடாது. தென்னை எண்ணெய்வித்தே அல்ல என்பது இன்னொரு மறுப்பு. அரசின் ஒன்பது எண்ணெய்வித்துகளில் அதற்கு இடமில்லை என்பது அட்டவணையின் குறை, கொப்பரையின் குறையல்ல. மரமும் மண்ணும் 'துஹேத்' என்னும் கூட்டுக்குடும்பத்தின் பொறுப்பில் இருக்கும் தீவில், எங்கே மறுநடவு என்ற முடிவும் அவர்களுடையதே. ஆய்வாளர் அவர்களிடம் கொண்டுசெல்ல வேண்டியது விதைப்பொட்டலம் அல்ல, மட்டம் குறித்த வரைபடம். உயர் ஓதம் எட்டாத இடம் எது என்று அது காட்டினால் போதும். அங்கே எதை நடுவது என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.