இரும்பை இணைப்போரும் பொறுப்பை ஏற்போரும்

புத்தளத்துக்கு வடக்கே, வண்ணாத்திவில்லுப் பிரதேசத்தில், களப்பையும் கடலையும் நம்பி வாழும் ஊர் கரைத்தீவு. அதற்கும் வடக்கே கலா ஓயாவைக் கடந்தால் பொன்பரப்பி. அங்கே 1920களிலும், பின்னர் 1950களிலும் 1970இலும் நிகழ்ந்த அகழ்வுகள் பெருங்கற்காலப் பண்பாட்டைச் சேர்ந்த ஈமத்தாழிகளை வெளிக்கொணர்ந்தன. ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு ஆய்வாளர் அவற்றை ஒப்பிட்டு நோக்கினர். இரும்பைக் காய்ச்சவும் அடிக்கவும் அறிந்திருந்த பண்பாடு அது. ஆகவே இரும்பு இந்தக் கரைக்கு நேற்று வந்த பொருளன்று. எனினும், இக்கரையின் வரலாற்றை எழுதியோர் விசயன் வந்திறங்கிய கதையையும் முத்துக்குளிப்பின் செல்வத்தையும் விரித்துரைத்த அளவுக்கு, இரும்போடு உழைத்த மக்களைப் பற்றி உரைத்தாரில்லை.

நமது காலத்தில் இரும்பு வேறு உருவத்தில் இக்கரைக்கு வந்தது. கரைத்தீவுக்கு அண்மையிலுள்ள அருவக்காட்டின் சுண்ணக்கல்லை ஆதாரமாகக் கொண்டு 1970ஆம் ஆண்டளவில் புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கிற்று. கல்லைச் சுமந்து செல்ல இருப்புப்பாதை போடப்பட்டது. களப்பின் மேற்கே, கற்பிட்டித் தீபகற்பத்தின் நுரைச்சோலையில், சீனக் கடனுதவியுடன் அனல்மின் நிலையத்தின் கட்டுமானம் 2006இல் ஆரம்பமாயிற்று. முதலாவது இயந்திரத் தொகுதி 2011இலும், எஞ்சிய இரண்டும் 2014இலும் இயங்கத் தொடங்க, 900 மெகாவாற்று மின்வலு கொண்ட நிலையமாக அது நிறைவு பெற்றது. இத்தகைய நிலையங்களின் எலும்புக்கூடு உருக்குத் தூண்களும் உத்திரங்களுமே. அந்த எலும்புகளை மூட்டுக்கு மூட்டு இணைத்து நிற்பது, பட்டறையில் வெல்டிங் என்று வழங்கும் பற்றவைப்பு வேலை. மூட்டை இணைத்த கை யாருடையது? அந்த மூட்டுச் சரியானதென்று கையொப்பமிட்டவர் யார்? இவ்விரு வினாக்களுக்கும் இடையே கிடக்கும் தூரத்தையே நாம் இங்கே ஆராயப் புகுகின்றோம்.

மின்சுடரால் உலோகத்தை இணைக்கும் வித்தை நூற்றைம்பது ஆண்டு வயது கூட நிரம்பாதது. உருசியரான நிக்கொலாய் பெனார்டோஸ் 1880களில் கரிமுனையைக் கொண்டு அதைச் செய்துகாட்டினார். அவர் நாட்டவரான சிலாவியனோவ் 1888இல் உருகும் உலோகக் கம்பியையே முனையாக்கினார். சுவீடனின் ஒஸ்கார் ஷெல்பேரி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கம்பிக்கு மேற்பூச்சுக் கொடுத்து, உருகிய உலோகத்தைக் காற்றின் தீங்கிலிருந்து காத்தார். இன்று கரைத்தீவில் ஒரு படகின் இயந்திரத் தாங்கியை ஒட்டும் இளைஞன் கையிலிருக்கும் கம்பியும் அந்தப் பரம்பரையைச் சேர்ந்ததே.

போலந்து நாட்டில் ஸ்டெபான் பிரிவா என்னும் பொறியியற் பேராசிரியர், தறையாணி இன்றிப் பற்றவைப்பாலேயே இணைக்கப்பட்ட வீதிப்பாலமொன்றை மவுசிட்சே என்னுமிடத்தில் அமைத்தார். 1929இல் முடிந்த அப்பாலமே அவ்வகையில் உலகின் முதலாவது என்பர். பாலத்தோடு அவர் நிற்கவில்லை. பற்றவைத்த உருக்குக் கட்டடங்களுக்குரிய விதிகளை வகுப்பதிலும் முன்னின்றார். புதுத்தொழில் பிறக்கும்போதே அதற்கான ஒழுங்கும் பிறத்தல் வேண்டும் என்று உணர்ந்தவர் அவர். நாசிகள் உயர்கல்வியைத் தடைசெய்த வார்சோ நகரில் மறைவாகக் கல்வி புகட்டிவந்த அவரை, 1943 டிசெம்பரில் அவர்கள் சுட்டுக் கொன்றனர்.

விதிகளின் அருமையை உலகம் விபத்துக்களாலேயே கற்றது. பெல்ஜியத்தின் ஹாசெல்ற் நகரில் அல்பேர்ட் கால்வாய்க்கு மேலிருந்த பற்றவைத்த பாலம் 1938 மார்ச் 14ஆம் நாள் பிளந்து வீழ்ந்தது. 1943 சனவரி 16ஆம் நாள், அமெரிக்காவின் போர்ட்லண்ட் துறையில் அமைதியான நீரில் கட்டிநின்ற 'ஸ்கெனெக்டடி' என்னும் புதிய எண்ணெய்க் கப்பல் ஏறத்தாழ இரண்டாகப் பிளந்தது. போர்க்காலத்தில் 2,710 'லிபர்ட்டி' கப்பல்களை அவசர அவசரமாகக் கட்டிய காலம் அது. சில வாரப் பயிற்சியோடு ஆயிரமாயிரம் ஆண்களும் பெண்களும் பற்றவைப்போராயினர். கப்பல்கள் வெடித்தபோது முதற் குற்றச்சாட்டு அவர்களுடைய கைகள் மேலேயே சென்றது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கொன்ஸ்ரன்ஸ் ரிப்பர் அம்மையார் உருக்கையே ஆராய்ந்து, குறித்த அளவுக்கு மேல் குளிர்ந்தால் அது கண்ணாடிபோல் நொறுங்கும் இயல்பினது என்று நிறுவினார். தறையாணியிட்ட தகடுகளில் ஒரு தகட்டோடு நின்றுவிடக்கூடிய விரிசல், முழுவதும் ஒன்றாய் இணைந்த கப்பலில் தடையின்றி ஓடிற்று. பொருளின் குற்றமும் வடிவமைப்பின் குற்றமும் தொழிலாளியின் தலையில் ஏற்றப்பட்டன என்பதை அறிவியலே வெளிப்படுத்திற்று.

மெல்பேர்ண் நகரத்துக் கிங் வீதிப் பாலம் திறக்கப்பட்டு ஓராண்டு சிறிது கடந்த 1962 யூலை 10ஆம் நாள், பாரமேற்றிய வாகனமொன்றின் கீழ் முறிந்து தாழ்ந்தது. பட்டறையிலேயே தொடங்கியிருந்த விரிசல்கள் பரிசோதகர் கண்ணிற் படாமல் பாலத்துக்கு ஏறியிருந்தன. வட கடலில் 'அலெக்சாண்டர் கீலண்ட்' என்னும் மிதக்கும் மேடை 1980 மார்ச் 27ஆம் நாள் கவிழ்ந்து, அதிலிருந்த 212 பேரில் 123 பேர் மாண்டனர். ஒலிவாங்கும் கருவியொன்றைத் தாங்குவதற்காகக் குறுக்குக் குழாயிற் போடப்பட்ட, ஆறு மில்லிமீற்றர் அளவேயான பற்றவைப்பிலிருந்து அந்த அழிவு புறப்பட்டது. விரிசலுக்குள் வண்ணப்பூச்சு இறங்கியிருந்தது. அதாவது, மேடை கடலுக்குச் செல்லுமுன்பே பிளவு இருந்தது. பிளவின் மேலேயே வண்ணம் பூசினர். அற்ப வேலை என்று எவரும் கவனியாது விட்ட மூட்டு நூற்றிருபத்து மூவரின் உயிரைக் குடித்தது.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் பாடம் யாது? கை தேர்ந்தவராய் இருந்தால் மட்டும் போதாது. உருக்கின் தன்மை, கம்பியின் தெரிவு, இணைக்கும் ஒழுங்கு, முன்சூடு, பரிசோதனை ஆகிய யாவற்றையும் ஒருங்கே நோக்கிப் பொறுப்பேற்கும் ஒருவர் வேலைத்தலத்தில் நிற்றல் வேண்டும். அவரே பற்றவைப்பு மேற்பார்வையாளர். 1948இல் தோன்றிய சர்வதேசப் பற்றவைப்பு நிறுவகம் பிற்காலத்தில் பொறியியலாளர் முதல் தொழிலாளி வரை பல படிகளில் தகைமைகளை வகுத்தது. ஐ.எஸ்.ஓ. 14731 என்னும் நியமம் பற்றவைப்பை ஒருங்கிணைப்போரின் கடமைகளை நிரல்படுத்திற்று. அவுஸ்திரேலியாவில் கட்டமைப்பு உருக்குக்கான மேற்பார்வையாளருக்கென்றே ஏ.எஸ். 2214 என்னும் தனி நியமம் எழுந்தது.

அவருடைய கடமையைக் கரைத்தீவின் உப்புக்காற்றில் வைத்தே விளக்கலாம். தடித்த உருக்கை இணைக்கும் ஐதரசன் குறைந்த கம்பிகள் ஈரத்தை உறிஞ்சும் இயல்பின. ஈரம் புகுந்த கம்பி சுடரில் எரியும்போது ஐதரசன் உருகிய உலோகத்துள் இறங்கும். மூட்டு அன்று அழகாகவே தோன்றும். ஒருநாள், இருநாள் கழித்து உள்ளே விரிசல் காணும். ஆதலால் அக்கம்பிகளை 300 பாகை செல்சியசு அளவுக்கு அடுப்பில் உலர்த்தி, சூடு ஆறாத பெட்டியில் வைத்து, சிறிது சிறிதாகவே தொழிலாளியிடம் கொடுத்தல் வேண்டும். தடித்த தகட்டை முன்கூட்டியே சூடாக்க வேண்டும். அவசரமென்று மேலதிகாரி விரட்டினாலும், உரிய நேரம் கடக்குமுன் இறுதிப் பரிசோதனையை முடித்துவிடக் கூடாது. கம்பியை உலர்த்தும் அடுப்பை வாங்கிக் கொடாத முதலாளி, மூட்டு வெடித்தபின் வெல்டரைப் பழிக்க உரிமையுடையவரல்லர். "அடுப்பின்றி வேலை தொடங்காது" என்று சொல்லும் அதிகாரம் மேற்பார்வையாளருக்கு உண்டு. அந்த ஒரு சொல்லில் தொழிலாளியின் மானமும் பொதுமக்களின் உயிரும் அடங்கியிருக்கின்றன.

இந்நிலைக்கு ஒருவர் எவ்வாறு உயர்கின்றார்? முதலில் அவர் தாமே பற்றவைத்துப் பழகியிருத்தல் நன்று. தட்டையாகவும், நிமிர்ந்தும், தலைக்கு மேலாகவும் சோதனைத் தகடுகளை இணைத்துக் காட்டுவது தொழிலாளியின் தேர்வு. தகட்டை வெட்டி, வளைத்து, உடைத்துப் பார்த்தே தீர்ப்பளிப்பர். மேற்பார்வையாளருக்கு அதற்கு மேலும் வேண்டும். வரைபடத்தின் குறியீடுகளை வாசித்தல், உருக்கின் அமைப்பை அறிதல், வெப்பத்தால் உருக்கு வளைவதைத் தடுத்தல், கண்ணாலும் கதிராலும் ஒலியாலும் மூட்டைச் சோதிக்கும் முறைகளை விளங்கிக்கொள்ளல், பாதுகாப்பு விதிகளை அமுலாக்கல், ஒவ்வொரு மூட்டுக்கும் பதிவேடு வைத்தல் ஆகியன அவற்றுட் சில. தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளியில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலையை அடுத்து 1975இல் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. தமிழ் பேசும் மண்ணில் இத்தொழில் ஆய்வும் பயிற்சியும் தேர்வுமாய் வேரூன்ற முடியும் என்பதற்கு அது சான்று.

நமது நாடும் வெறுங்கையோடு இருக்கவில்லை. இலங்கை–ஜேர்மன் தொழினுட்பப் பயிற்சி நிறுவகம் 1959இல் தோன்றியது. சோவியத் உதவியுடன் ஒறுவலையில் அமைந்த உருக்காலை 1967இல் திறக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் மூன்றாம்நிலைக் கல்விக்கும் தொழிற்கல்விக்கும் ஓர் ஆணைக்குழுவையும், பயிலுநர் பயிற்சிக்கு ஓர் அதிகாரசபையையும் அமைக்க வழிசெய்தது. 1995இல் தொழிற்பயிற்சி அதிகாரசபை உருவாயிற்று. அதற்குப் பத்தாண்டளவில் ஏழு மட்டங்களைக் கொண்ட தேசிய தொழிற்றகைமை முறை நடைமுறைக்கு வந்தது. முதல் நான்கு மட்டங்கள் கைத்திறனுக்கும், அடுத்த இரண்டு டிப்ளோமாவுக்கும், ஏழாவது பட்டத்துக்கும் உரியன. பாடசாலைச் சான்றிதழ் இல்லாதவரும் தாம் வேலையிற் பெற்ற அனுபவத்தைக் காட்டி, சோதனைக்கு உட்பட்டுத் தகைமை பெற அம்முறையில் வழியுண்டு. இது பாராட்டத்தக்க சனநாயக ஏற்பாடு.

ஏட்டில் வாசல் திறந்திருப்பது ஒன்று. அவ்வாசலை அடையும் பாதை வேறொன்று. புத்தளம் மாவட்டத்துக் கரையோர இளைஞரின் நிலையை எண்ணிப் பார்ப்போம். மீன்பிடியின் வரும்படி பருவத்தோடு ஏறி இறங்குவது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களிற் பெரும்பாலானவை அடைக்கலம் புகுந்ததும் இம்மாவட்டமே. நிலத்தையும் வீட்டையும் இழந்தோருக்கு எஞ்சும் முதல் கைத்தொழில் ஒன்றுதான். அதற்கும் சான்று இல்லையெனில் அது மலிவாகவே விலைபோகும். பட்டறையில் பத்தாண்டு உழைத்தவர் வளைகுடாவுக்குச் சென்றாலும் வெல்டராகவே செல்கின்றார்; தாள் இல்லையென்றால் உதவியாளாகவே நிற்கின்றார். இணைப்புச் சரியா என்று தீர்ப்புச் சொல்ல அப்பாலிருந்து ஒருவர் வருகின்றார். தீர்ப்புச் சொல்லும் அறிவு இவருக்கு இல்லாமலில்லை. அந்த அறிவைப் பெயரிட்டு, ஒழுங்குபடுத்தி, எழுதிக்காட்டும் கல்வி இவருக்கு எட்டவில்லை.

இங்கே மொழியும் ஒரு மதிலாய் நிற்கின்றது. ஜேர்மானியத் தொழிலாளி சர்வதேசப் பற்றவைப்புத் தகைமையைத் தம் மொழியிலேயே கற்கின்றார், பிரெஞ்சுக்காரரும் அவ்வாறே. தமிழிலோ உருக்கின் அமைப்பையும் விரிசலின் காரணத்தையும் தொழிலாளிக்கு விளங்கும்படி உரைக்கும் நூல்கள் அரிது. காவியத்துக்கு உரை எழுதுவது தமிழ்ப்பணி என்றால், கம்பியை ஏன் உலர்த்த வேண்டும் என்று எழுதுவதும் தமிழ்ப்பணியே என்பது நமது துணிபு.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. இக்கரையில் பெருந்தொழில் நிறுவுவோர் வேலைக்கு ஆள் எடுப்பதோடு அமையாது, அவர்களுள் தகுதியுடையோரை மேற்பார்வைத் தேர்வு வரை பயிற்றும் கடப்பாட்டையும் ஒப்பந்தத்திலேயே ஏற்றல் வேண்டும். அனுபவத்தைச் சோதித்துச் சான்றளிக்கும் ஏற்பாடு புத்தளம் நகரோடு நின்றுவிடாது வண்ணாத்திவில்லுக்கும் கற்பிட்டிக்கும் செல்லல் வேண்டும். அதற்கான பாடங்கள் தமிழிலும் சிங்களத்திலும் வெளிவரல் வேண்டும்.

பொன்பரப்பித் தாழிகளுக்கு அருகே இரும்பை அடித்தவன் பெயரை நாம் அறியோம். அது காலத்தின் கொடுமை. நம் கண்முன்னே எழுந்த தூண்களை இணைத்தோரின் பெயரும் எந்தப் பதிவேட்டிலும் இல்லாது போகுமாயின், அதற்குக் காலத்தை நோக முடியாது. மூட்டு ஒவ்வொன்றுக்கும் நேரே அதை இணைத்தவரின் அடையாளத்தையும் மேற்பார்த்தவரின் கையொப்பத்தையும் எழுதிவைப்பது பற்றவைப்பு வேலைக்கு நல்லொழுங்கு. அந்தக் கையொப்பத்தைக் கரைத்தீவில் பிறந்த தொழிலாளியும் இடும் நாளை விரைந்து கொணர்தல் நம் எல்லோர் கடனுமாகும்.