கொம்பும் புள்ளியும்: தமிழ்க் கையெழுத்து வரலாற்றில் சில பக்கங்கள்

என் தந்தையார் மறைந்தபின் அவருடைய தகரப் பெட்டியில் ஒரு கடிதக் கட்டுக் கிடைத்தது. தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து என் பாட்டனார், சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை பார்த்துவந்த தம் மகனுக்கு எழுதியவை அவை. அவற்றுள் ஒன்று பவ ஆண்டு ஆடித் திங்களில், அதாவது 1934இல், எழுதப்பெற்றது. சென்ற ஆண்டு அதனை என் பேத்தியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவள் உயர்நிலைப் பள்ளியில் உயர்தமிழ் பயில்பவள். கைப்பேசியில் என்னைவிட விரைவாகத் தமிழில் தட்டெழுதுபவள். நான்கு வரிகளுக்குமேல் அவளால் செல்ல இயலவில்லை. "தாத்தா, இது தமிழ்தானா?" என்று கேட்டாள்.

மொழி அங்கே தடையாக இல்லை. எளிய பேச்சுநடையே அது. எழுத்துதான் தடை. கடிதம் முழுவதிலும் ஒரு புள்ளிகூட இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. காலும் ரகரமும் ஒரே உருவம். லை, னை ஆகியவை யானைத் துதிக்கைபோல் முன்னே வளைந்து நின்றன. ஆண்டுக்கு ௵, திங்களுக்கு ௴, நாளுக்கு ௳ என்னும் குறிகள். இக்குறிகள் யாவும் இன்று ஒருங்குறியில் இடம்பெற்றுக் கணினியில் பத்திரமாக உள்ளன. எழுதும் கைகள்தாம் இல்லை.

என் பாட்டனார் கல்லாதவர் அல்லர். திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதி, பின் ஓலையில் எழுத்தாணி பிடித்துப் பழகியவர். அந்தக் கைதான் பிற்காலத்தில் தாளில் மைக்கோலால் எழுதியது. ஓலையில் எழுதும் முறை இன்று பலர் அறியாதது. இடக்கையில் ஓலையைப் பிடித்து, அக்கையின் பெருவிரலை எழுத்தாணிக்கு அணையாகக் கொடுத்து எழுதுவர். எழுத்தாணி நகர்வதைவிட ஓலை நகர்வதே மிகுதி. கீறிய கோடுகளில் கரி தடவித் துடைத்தால் எழுத்துகள் கருத்துத் தோன்றும். ஓலை கிழியும் என்பதால்தான் தமிழெழுத்துகள் வட்டமாயின என்று பள்ளிகளில் சொல்லிக்கொடுப்பதுண்டு. ட, ப ஆகியவை இன்றளவும் நேர்கோடுகளோடு நிற்கின்றன; ஆதலின் அவ்விளக்கத்தை முழுமையாக ஏற்க என் மனம் ஒப்புவதில்லை. ஆயினும் ஓலையில் எழுதியோர் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர் என்பதற்குச் சுவடிகளே சான்று.

தொல்காப்பியம் மெய்க்குப் புள்ளி கூறுகிறது. எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளி கூறுகிறது. எழுதுவோர் அதனைக் கைவிட்டபோது மெய்யும் உயிர்மெய்யும் மயங்கின; குறிலும் நெடிலும் மயங்கின. படித்தவர்களோ மயங்கவில்லை. சொல்லையும் யாப்பையும் அறிந்த கண் இடமறிந்து படித்துக்கொண்டது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் போன்றோர் ஏடுகளோடு பட்ட பாடு, பெரும்பகுதி இந்தப் புள்ளியில்லா எழுத்தோடு பட்ட பாடே. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் நெடிலுக்குத் தனிக் குறியை வழங்கினார். அச்சு அதனை ஏற்றுக்கொண்டது. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது முதலாகவே அச்சுக்கு ஒரு வழியும் கைக்கு வேறொரு வழியும் இருந்துவந்தன போலும். வீரமாமுனிவருக்கு இரு நூற்றாண்டுகள் கழித்தும் என் பாட்டனாரின் கை இரட்டைக்கொம்பை அறியவில்லை.

பொறி குறுக்கிட்ட கதையில் நம் தீவுக்கும் பங்குண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்து பணியாற்றிய ஆர். முத்தையாதான் தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தை எனப் போற்றப்படுபவர். 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளுக்குள் அடக்குவது எங்ஙனம்? எழுத்துகளைத் துண்டுகளாகப் பிரித்து, சில விசைகளை அழுத்தினால் உருளை நகராதபடி அமைத்தனர். தட்டச்சர் முதலில் புள்ளியை இடுவார், உருளை அசையாது, பின் ககரத்தை இட, அது புள்ளிக்கு அடியில் வந்து அமரும். கை கடைசியாக வைக்கும் புள்ளியைப் பொறி முதலில் வைத்தது.

கணினி வந்தபோது மற்றொரு தலைகீழ் நிகழ்ந்தது. மொழியியலாளன் என்ற முறையில் எனக்கு மிகவும் சுவையானது இதுவே. 'கொ' என்று கையால் எழுதுகையில் முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். நாவோ முதலில் க் என்கிறது, அதன்பின்னரே ஒகரம். ஆக, கை கொம்பை இடும் கணத்திலேயே அசை முழுதும் எழுதுவோர் உள்ளத்தில் உருவாகியிருத்தல் வேண்டும். ஒருங்குறியும், மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்களும் நாவின் வரிசையையே பின்பற்றுகின்றன: மெய்யைத் தட்டி, உயிரைத் தட்டினால், கொம்பு தானே தாவி முன்னே நிற்கும். இதனைக் குறையென்று நான் கூறவில்லை. இலக்கண நோக்கில் அதுவே செம்மையான வரிசை. ஆனால் கையால் எழுதிப் பழகாத பிள்ளை கொம்பை ஓர் உறுப்பாக அறிவதில்லை. விரும்பிய எழுத்து திரையில் தோன்றும்வரை தட்டுகிறது. கௌரி என்னும் பெயரை ஒற்றைக்கொம்பும் ளகரமும் இட்டுக் கெளரி என்று எழுதியோர் எத்தனையோ பேர். கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும், தேடினால் கிடைக்காது.

துதிக்கை எழுத்துகளின் கதையைச் சுருக்கமாகவே கூறலாம். பெரியார் 1935இல் குடி அரசு இதழில் மாற்று வடிவங்களை வழங்கத் தொடங்கினார். 1978இல் தமிழக அரசு 13 எழுத்துகளுக்கு அவ்வடிவங்களை ஏற்று ஆணையிட்டது. இங்கும் பாடநூல்களும் நாளிதழும் பின்னர் அவ்வழியே சென்றன. கற்பதற்கு எளிமையானது உண்மை. ஆனால் பழைய வடிவத்தைப் படிக்கவேனும் எவரும் கற்பிக்கவில்லை. அதன் விலையை வீடுதோறும் உள்ள பெட்டிகள் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. படிக்கத் தெரியாத தாளை எவர் காப்பார்? வீடு மாறும்போது முதலில் குப்பைக்குச் செல்பவை அவையே. எனக்குத் தெரிந்த குடும்பங்கள் இரண்டில் அவ்வாறே நிகழ்ந்தது.

பேத்தியிடம் கடிதத்தைப் படியெடுக்கச் சொன்னேன். முதலில் கைப்பேசியில் முயன்றாள். நிலத்தகராறு பற்றிய ஒரு வரியில் பாட்டனார், தம் மைத்துனரைக் குறித்து, "அவன பெசசை கெடடு கெடடென" என்று எழுதியிருந்தார். கைப்பேசி தானே முன்வந்து 'கேட்டேன்' என்னும் சொல்லை நீட்டியது; அவளும் தொட்டுவிட்டாள். "அவன் பேச்சைக் கேட்டுக் கேட்டேன்" என்று வந்தது. பொருள் அமையவில்லை என்று அவளுக்கும் தோன்றியது. ஆனால் எங்கே பிழை என்று தெரியவில்லை.

பிறகு நான்கு மாலைப்பொழுதுகள் எழுதுகோலால் எழுதினாள். உள்ளதை உள்ளவாறே எழுது, புள்ளியைச் சேர்க்காதே என்று மட்டும் சொல்லியிருந்தேன். அந்த வரிக்கு வந்ததும் கை நின்றது. ஒரே கொம்புடைய இரண்டு சொற்களையும் வாய்க்குள் பலவாறு சொல்லிப் பார்த்தாள். "அவன் பேச்சைக் கேட்டுக் கெட்டேன்" என்று மெல்லச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். என் தந்தையார் ஏன் ஊருக்குத் திரும்பவேயில்லை, எங்களுக்கு ஏன் அங்கே ஒரு காணி நிலமும் இல்லை என்று நான் சிறுவயதில் கேட்டபோதெல்லாம் அவர் விடை சொன்னதில்லை.

அவளுடைய படியில் அச்சொல் 'கெடடென' என்றே உள்ளது; அதன்மேல் அவள் புள்ளி வைக்கவில்லை. பெட்டியில் இன்னும் பதினொரு கடிதங்கள் இருக்கின்றன. சனிக்கிழமைகளில் வருகிறாள்.