கடிதம் போட்டு வரவழைத்த மரம்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிப் பக்கம் போனால் எங்கே பார்த்தாலும் சீமைக்கருவேலம்தான். ‘காமராஜர் ஆட்சியில ஆஸ்திரேலியாவுல இருந்து கொண்டாந்து தூவுனது’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு கதை ஓடுகிறது. அந்த ஆட்சிக்கு முக்கால் நூற்றாண்டு முன்பே மரம் தென்னிந்தியாவுக்கு வந்துவிட்டது.

1876. தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய ஆண்டு. சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலர் பெடோம், வறண்ட நிலத்தில் நட இந்த மரத்தின் விதை வேண்டும் என்று வருவாய்த் துறைக்கு எழுதினார். தென்னிந்தியப் பெரணிகளைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். செடி தெரியாத ஆள் இல்லை. ஜமைக்காவிலிருந்து விதை வந்தது. கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் நட்டார்கள்.

நட்டது திட்டம். பரவியது யார் திட்டத்திலும் இல்லை. காய் இனிப்பு; ஆடும் மாடும் விரும்பித் தின்னும். கெட்டித்தோல் விதை குடலுக்குள் சாகாமல், தோல் இளகி, சாணியோடும் புழுக்கையோடும் விழுந்து முளைக்கும். மேய்ச்சல் போன வழியெல்லாம் மரமும் போனது. மராமத்து நின்றுபோன கண்மாய்களுக்குள் புகுந்தது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைத்தது.

பெடோம் ஒரு துறையிடம் கேட்க வேண்டியிருந்தது. இன்று விதைப் பொட்டலம் கூரியரில் வாசலுக்கே வருகிறது. கண்ணாடித் தொட்டியின் பாசியைத் தின்ன வாங்கும் ‘டேங்க் க்ளீனர்’ மீன் தென் அமெரிக்காவுடையது. வளர்ந்து தொட்டி கொள்ளாமல் போனதும் யாரோ பாவம் பார்த்து ஏரியில் விட, இன்று நம் நீர்நிலைகளில் அது பெருகிக் கிடக்கிறது. அங்கேயும் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை.

சரி, வந்துவிட்டதை என்ன செய்வது? 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இந்த மரத்தை அகற்றச் சொன்னது. 2022-ல் தமிழக அரசு அயல் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கையே வெளியிட்டது. கண்மாய் மீள வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மழை பொய்க்கும் இந்த ஊர்களில் இதே மரத்தை வெட்டி, மூட்டம் போட்டு, கரி விற்றுத்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. மரத்தை வரவழைத்தபோது இவர்களை யாரும் கேட்கவில்லை. அகற்றும்போதாவது கேட்க வேண்டும்: வேரோடு பிடுங்கிய இடத்தில் அடுத்து எதை நடுவது, அது காய்க்கும்வரை எதை விற்றுச் சாப்பிடுவது?