இரண்டே பருவங்கள்: ரைசிங் புனே சூப்பர்ஜயண்ட் அணியின் வரலாறு

ஐபிஎல் கிரிக்கெட்டில் இரண்டு ஆண்டுகள் மட்டுமே களம் கண்ட அணி ரைசிங் புனே சூப்பர்ஜயண்ட். முதல் பருவத்தில் 7-ஆவது இடம் பிடித்த இந்த அணி, அடுத்த பருவத்தில் ஒரே ஒரு ரன்னில் கோப்பையை நழுவவிட்டது.

தோற்றம்

சூதாட்ட விவகாரத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ், ராஜஸ்தான் ராயல்ஸ் அணிகளுக்கு நீதிபதி லோதா குழு 2015 ஜூலையில் இரண்டு ஆண்டுகள் தடை விதித்தது. அந்த இடங்களை நிரப்ப அதே ஆண்டு டிசம்பரில் ஏலம் நடைபெற்றது. பிசிசிஐ-யிடமிருந்து குறைந்த தொகை கேட்போருக்கே அணி என்ற அந்தத் தலைகீழ் ஏலத்தில், ஆண்டுக்கு ரூ.16 கோடி செலுத்த ஒப்புக்கொண்டு தொழிலதிபர் சஞ்சீவ் கோயங்காவின் குழுமம் புனே அணியைப் பெற்றது. மற்றோர் அணி ராஜ்கோட்டுக்குச் சென்றது.

வீரர்கள் தேர்வில் புனே முதலாவதாகத் தேர்ந்தெடுத்தது மகேந்திர சிங் தோனியை. அஸ்வின், ரஹானே, ஸ்டீவ் ஸ்மித், டூ பிளெஸ்ஸி ஆகியோரும் இணைந்தனர். ஸ்டீபன் பிளெமிங் பயிற்சியாளரானார்.

வறட்சியும் இடமாற்றமும்

2016 ஏப்ரல் 9-இல் முதல் ஆட்டத்தில் மும்பையை 9 விக்கெட் வித்தியாசத்தில் புனே வென்றது. ஆனால், அப்போது மகாராஷ்டிரம் கடும் வறட்சியில் தவித்தது. லாத்தூருக்கு ரயிலில் குடிநீர் அனுப்பப்பட்டது. மைதானங்களுக்குத் தண்ணீர் செலவிடுவதை எதிர்த்த வழக்கில், ஏப்ரல் 30-க்குப் பிந்தைய ஆட்டங்களை மாநிலத்துக்கு வெளியே மாற்ற மும்பை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. இதனால் கஹுஞ்சே மைதானத்தை விட்டு விசாகப்பட்டினத்துக்கு அணி இடம்பெயர்ந்தது. பீட்டர்சன், டூ பிளெஸ்ஸி, ஸ்மித், மிட்செல் மார்ஷ் ஆகியோர் காயத்தால் விலகினர். 14 ஆட்டங்களில் 5 வெற்றிகளே கிடைத்தன.

ஒரு ரன் தோல்வி

2017-இல் தோனிக்குப் பதிலாக ஸ்மித் கேப்டனாக நியமிக்கப்பட்டார். அணியின் ஆங்கிலப் பெயரில் இருந்த பன்மை விகுதியும் நீக்கப்பட்டது. பென் ஸ்டோக்ஸ் ரூ.14.5 கோடிக்கு வாங்கப்பட்டார். எனினும், அணிக்குக் கைகொடுத்தவர்களில் குறைந்த விலை வீரர்களும் இருந்தனர். ரூ.10 லட்சத்துக்கு வந்த ராகுல் திரிபாதி 391 ரன்கள் குவித்தார். ஏலத்தில் விலைபோகாத இம்ரான் தாஹிர் மாற்று வீரராக வந்து 18 விக்கெட்டுகள் வீழ்த்தினார். ஜெயதேவ் உனத்கட் 24 விக்கெட்டுகள் எடுத்தார்.

காயமடைந்த அஸ்வினுக்குப் பதிலாகச் சேர்க்கப்பட்டவர் 17 வயது தமிழக வீரர் வாஷிங்டன் சுந்தர். மும்பைக்கு எதிரான முதல் தகுதிச்சுற்றில் 16 ரன்களுக்கு 3 விக்கெட்டுகள் சாய்த்து, அணியை இறுதிக்கு அழைத்துச் சென்று ஆட்டநாயகன் ஆனார்.

அந்தப் பருவத்தில் மும்பையை மூன்று முறை வென்றிருந்த புனே, மே 21-இல் ஹைதராபாதில் நான்காவது முறையாக அதே அணியைச் சந்தித்தது. 130 ரன்கள் இலக்கு. கடைசி ஓவரில் 11 ரன்கள் தேவை. மிட்செல் ஜான்சன் வீசிய முதல் பந்தே பவுண்டரி. ஆனால், அடுத்த இரு பந்துகளில் மனோஜ் திவாரியும், 51 ரன்கள் எடுத்த ஸ்மித்தும் ஆட்டமிழந்தனர். 128 ரன்களுடன் புனேயின் ஆட்டம் முடிந்தது.

பின்னர்

இரண்டு ஆண்டு அனுமதி நிறைவடைந்ததால் அணி கலைந்தது. 2018-இல் காவிரிப் போராட்டம் காரணமாகச் சென்னையில் நடைபெறவிருந்த ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டபோது, தோனி அதே கஹுஞ்சே மைதானத்துக்கு மஞ்சள் சீருடையில் திரும்பினார். சென்னை கோப்பையையும் வென்றது. கோயங்கா குழுமம் 2021-இல் ரூ.7,090 கோடிக்கு லக்னௌ அணியைப் பெற்று, அதற்குச் சூப்பர் ஜயண்ட்ஸ் என்றே பெயரிட்டது.