தொடக்கக் கலன் தாவரங்களின் உயர வரம்பு: தண்டமைப்பு வழி ஒரு வரலாற்று ஆய்வு

முன்னுரை

நிலத்தில் வாழ்ந்த மிகப் பழைய கலன் தாவரங்களுள் ஒன்றாகக் கருதப்படும் குக்சோனியா சில சென்டிமீட்டர் உயரமே வளர்ந்தது. அதன் காலம் இன்றைக்குச் சுமார் 43 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட சைலூரியன். எட்டு மீட்டர் மரம் தோன்ற அதன்பின் ஏறத்தாழ 4.5 கோடி ஆண்டுகள் ஆயின. இவ்வளவு காலம் தாவரங்களின் உயரத்தைக் கட்டிப்போட்டது தண்டின் உள்ளமைப்பே என்பது இக்கட்டுரையின் வாதம்.

சான்றுகள்

வேல்ஸ் எல்லைப் பகுதிப் பாறைகளில் கிடைத்த புதைபடிவங்களுக்கு வில்லியம் ஹென்றி லாங் 1937இல் குக்சோனியா எனப் பெயரிட்டார். அதன் தண்டில் நீர் கடத்தும் இழை உண்டு என்பதை டயான் எட்வர்ட்ஸ் குழுவினர் 1992இல் உறுதிசெய்தனர்.

இதைவிட வளமான சான்று ஸ்காட்லாந்தின் ரைனி கிராமத்தில் கிடைத்தது. மருத்துவர் வில்லியம் மேக்கி 1912இல் அங்குக் கண்டறிந்த பாறையில், வெந்நீர் ஊற்றின் சிலிக்கா ஊறி, சுமார் 40.7 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய தாவரங்கள் செல் செல்லாகப் பதிந்திருந்தன. தொல்தாவரவியலாளர் கிட்ஸ்டனும் லாங்கும் 1917 முதல் 1921 வரை ஐந்து கட்டுரைகளில் அவற்றை விவரித்தனர்.

அவற்றுள் ஒன்றான ரைனியாவின் தண்டை உருப்பெருக்கியில் பார்ப்போம். குறுக்களவு இரண்டு, மூன்று மில்லிமீட்டர். நட்டநடுவே, டிரக்கீடுகள் எனும் நீர் கடத்தும் செல்களால் ஆன மெல்லிய சைலம் இழை. அதைச் சுற்றி மென்சுவர்ச் செல்களாலான அகன்ற புறணி. வெளியே கியூட்டிக்கிள் பூசிய புறத்தோல், அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இலைத்துளைகள். இலை இல்லை, வேர் இல்லை. நிலத்தில் கிடந்த தண்டிலிருந்து ரைசாய்டுகள் எனும் நுண்தூவிகள் மட்டும் நீர் உறிஞ்சின. மொத்த உயரம் சுமார் 20 செ.மீ.

மூன்று தடைகள்

முதலாவது, தாங்குதிறன். வளைவை எதிர்க்கும் ஆற்றல் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. நடு இழையின் குறுக்களவு தண்டின் குறுக்களவில் ஐந்தில் ஒரு பங்கு எனக் கொண்டால், அதன் வடிவம் தரும் பங்கு 625இல் ஒன்றுதான். ஆக, தண்டின் உறுதியான திசு, உறுதி பயன்படாத இடத்தில் இருந்தது. தண்டை நிமிர்த்தி வைத்தது பெரும்பாலும் புறணிச் செல்களின் விறைப்பழுத்தமே. நீர் குறைந்தால் தண்டு துவளும். ஒரு தூண் தன் எடையால் வளையாமல் நிற்க, உயரம் இரட்டித்தால் தடிமன் சுமார் 2.8 மடங்காக வேண்டும் என்பது கணிதவியலாளர் கிரீன்ஹில் 1881இல் நிறுவிய விதியிலிருந்து கிடைக்கும் கணக்கு. தண்டைப் பருக்கச் செய்யும் வளர்திசுவான கேம்பியம் இல்லாத இத்தண்டுகளோ பின்னர் பருக்க வழியற்றவை.

இரண்டாவது, நீர். வறட்சியில் சைலத்துக்குள் காற்றுக்குமிழி புகுந்தால் அடுத்தடுத்த டிரக்கீடுகளுக்குப் பரவும். உருளை வடிவ இழை பெருக்கப் பெருக்க இந்த ஆபத்தும் கூடுகிறது என்று மார்ட்டின் பௌடா குழுவினர் 2022இல் காட்டினர். இழையை வெறுமனே பெரிதாக்குவது தீர்வாகவில்லை.

மூன்றாவது, உணவு. ஒரு மில்லிமீட்டருக்கும் மெலிந்த குக்சோனியாத் தண்டுகளில் போதிய பச்சையத் திசுவுக்கு இடமே இல்லை. அவை பாலணுக்களை உண்டாக்கும் தாய்க் கேமீட்டகத் தாவரத்தைச் சார்ந்தே வாழ்ந்திருக்க வேண்டும் என்று கெவின் பாய்ஸ் 2008இல் வாதிட்டார்.

தடை நீங்கிய வரலாறு

தண்டு பெருக்கும்போது சைலத்தின் வடிவம் சிக்கலாகிறது என்பதைத் தாவரவியலாளர் பவர் 1930இலேயே விரிவாக எழுதியிருந்தார். ரைனியின் ஆஸ்டரோசைலானில் சைலம் நட்சத்திர வடிவம் கொண்டது. அதன் உயரம் சுமார் 40 செ.மீ. சைலோபைட்டான் என்ற மற்றொரு பழந்தாவரத்தில் தடித்த சுவர்ச் செல்கள் புறத்தோலுக்கு அடியில், அதாவது வளைவை எதிர்க்க வேண்டிய இடத்திலேயே அமைந்தன.

பிரான்சிலும் கனடாவிலும் கிடைத்த சுமார் 40 கோடி ஆண்டுப் பழமையான சிறு தாவரங்களில், கேம்பியம் உண்டாக்கும் கட்டை இருந்ததை ஜெரியன் குழுவினர் 2011இல் வெளியிட்டனர். அத்தண்டுகள் சில மில்லிமீட்டர் தடிமனே கொண்டவை. ஆகவே கட்டை முதலில் தோன்றியது நீர் கடத்தத்தான். தாங்கும் பணி பின்னர் வந்து சேர்ந்தது.

நியூயார்க் மாநிலத்தின் கில்போவாவில் கிடைத்த வாட்டியேசா என்ற மரம், 38.5 கோடி ஆண்டுகளுக்கு முன் எட்டு மீட்டருக்குக் குறையாமல் உயர்ந்தது. அதே இனக்குழுவைச் சேர்ந்த, சீனாவின் சின்ஜியாங் பகுதி மரங்களில் சைலம் இழைகள் அடிமரத்தின் வெளிப்புற வளையத்தில் நிறைந்திருக்க, நடுப்பகுதி மூங்கில் போல உள்ளீடற்று இருந்தது. இக்கால மரங்களைப் போன்ற கேம்பியத்துடன் ஆர்க்கியாப்டெரிஸ் என்ற மரம் காடுகளாகப் பரவியது.

முடிவுரை

குக்சோனியாவும் ரைனியாவும் வளர்ச்சியில் தோற்ற தாவரங்கள் அல்ல. ஈரமான நிலத்தில் அவற்றின் சிறிய உயரத்துக்கு அவற்றின் தண்டமைப்பு போதுமானதாகவே இருந்தது. கலன்கள் தோன்றியதால் மட்டும் மரங்கள் உருவாகிவிடவில்லை. உறுதியான திசு நடுவிலிருந்து ஓரத்துக்குப் பரவியதும், தண்டு ஆண்டுதோறும் பருக்கக் கற்றதுமே காடுகளைச் சாத்தியமாக்கின.